யூதர் வேஷம்

திண்டிவனம்
6.1.1985

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு அமல்ராணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உங்கள் சளித் தொந்தரவு நின்றதா? அண்ணியின் முதுகுவலி தேவலையா? பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன பிள்ளைகளுக்கு நீவிவிட்டு, மாவுக்கட்டுப் போட்டு, மடங்கிய முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி நடக்கப் பழக்குகிற சின்ன நிலையம். பத்தொன்பது பிள்ளைகள் வருகிறார்கள். நடத்துகிறவர் மிரியாம் அம்மா. பிரெஞ்சுக்காரர். ஒன்பது வருஷமாகப் பாண்டிச்சேரியில் இருக்கிறார். செவ்வாயும் சனியும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்குவார். தமிழ் பேசுவார். நாம்தான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சும்மா இல்லாமல், "பாண்டியில எந்தக் கோவிலுக்குப் போறீங்க?" என்று கேட்டார். "கோவில் இல்ல. நான் யூதப் பொண்ணு" என்றார் அந்த அம்மா. குழம்புக் கரண்டியை இவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அம்மாவே சொன்னார். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவருடைய தாயின் குடும்பத்தில் பதினோரு பேரை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யூதராகப் பிறந்தார்கள் என்பதுதான் குற்றம். ஒருவரும் திரும்பவில்லை. தாயை மட்டும் ஒரு விவசாயி வீட்டில் ஒளித்து வைத்திருந்ததால் பிழைத்தாராம். இதைச் சொல்லிவிட்டு, "கறி நல்லா இருக்குது, இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினார்.

அவர் இதை மறைக்கவும் இல்லை, ஊரெல்லாம் சொல்லவும் இல்லை. அண்ணன் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களோடு இருக்கட்டும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
அமல்ராணி


விழுப்புரம்
20.1.1985

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை அமல்ராணிக்கு சவரிநாதனின் ஆசீர். மாப்பிள்ளை தொம்மைக்கு என் அன்பு. நாங்கள் யாவரும் நலம். சளி விட்டது. பார்சல் ஆபீசில் பொங்கல் நெரிசல் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

ஒரு நல்ல சேதி. இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகத்தை எழுதி நடத்தும் பொறுப்பைக் கோவில் கமிட்டி என்னிடம் கொடுத்திருக்கிறது. நம்ப முடிகிறதா? அப்பா முப்பது வருஷம் யூதர் வேஷம் கட்டினார். சேசுநாதரும் அப்போஸ்தலர்களும் மேலத் தெருவுக்கு, கரி பூசின மூஞ்சியும் கையில் சாட்டையும் நம் தெருவுக்கு என்பதுதானே வழக்கம்? கமிட்டிக் கூட்டத்தில் நம்மவர்கள் சுவரோரம் நிற்பார்கள். போன ஞாயிறு தலைவர் ஞானாதிக்கம் வாத்தியாரே எழுந்து, "சவரி, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தேன்.

யூதர்களை இதுவரை யாரும் காட்டாத மாதிரிக் காட்டப் போகிறேன். "பழிகாரச் சாதியே, பரிசுத்தரைக் கொன்றாயே" என்று ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறேன். வாத்தியார் இரண்டு தரம் பாடச் சொல்லிக் கேட்டார். பழைய ஞானப் புத்தகங்கள் சிலவும் தேடிப்பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாளைப் பற்றி எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்கு உதவுகிறார், நல்லது. ஆனாலும் சேசுவைக் கொன்ற சாதி. பார்த்து நடந்துகொள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
சவரிநாதன்


திண்டிவனம்
3.2.1985

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு, அமல்ராணி. நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்களுக்கு நாற்காலி போட்டார்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும். இவரிடமும் படித்துக் காட்டினேன்.

ஆனால் அண்ணா, "கொன்ற சாதி" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? பிறப்பை வைத்து ஒருத்தர் மேல் பழி போடுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேசுவும் யூதர்தானே? தினமும் செபமாலையில் ஐம்பது தரம் கூப்பிடுகிறோமே, அந்த மாதா யார்? பேதுரு யார்? தீர்ப்பு எழுதினது ரோமாபுரி அதிகாரி. ஆணி அடித்தது அவன் சிப்பாய்கள். இருபது வருஷத்துக்கு முன்பே ரோமையில் ஆயர்கள் எல்லாம் சங்கம் கூடி, சேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைக்கு இருந்த யூதர் எல்லார் மேலும், இன்றைக்கு இருக்கிற யூதர் மேலும் சுமத்தக்கூடாது என்று எழுதியாயிற்று. நர்ஸ் படிப்பில் எங்களுக்கு ஞானோபதேசம் எடுத்த கன்னியாஸ்திரி அம்மா இதைச் சொன்னார். நம் ஊர்ப் பிரசங்கத்தில்தான் ஒருவரும் சொல்லக் காணோம்.

அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேறு பாட்டுக் கட்டத் தெரியாதா?

இங்கே ஒரு சந்தோஷம். மயிலம் பக்கத்து ஊரிலிருந்து சின்னபொண்ணு என்று ஒரு தாய் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வருவாள். செங்கேணி என்று பெயர், ஐந்து வயது. நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னபொண்ணு ஓடிப்போய் வாசலில் நின்று, "எம் பொண்ணு நிக்குறா, வந்து பாருங்க" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டாள்.

பதில் எழுதுங்கள்.

அமல்ராணி


விழுப்புரம்
24.2.1985

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு. அனைவரும் சுகம். சாம்பல் புதன் அன்று ட்யூட்டி விழுந்ததால் சாம்பல்கூடப் பூச முடியவில்லை. உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலைப் பளு.

நாடகத்தைக் கமிட்டி முழுசாக ஒப்புக்கொண்டது. ஒத்திகை தொடங்கிவிட்டது. இனி எதையும் எடுப்பதற்கில்லை. நாடகத்தை நாடகமாகப் பார்க்க வேண்டும் அமலா. கெட்டவன் கெட்டவனாக இருந்தால்தான் ஜனம் அழும். வாத்தியார் பாட்டைத் திண்டிவனத்திலிருந்து வந்த தன் மைத்துனரிடமும் பாடிக் காட்டச் சொன்னார். அவரும் ரொம்ப மெச்சிக்கொண்டார்.

பெரியவனுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது. உன் அண்ணி கேப்பை மாவு அரைத்து வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

சவரிநாதன்


திண்டிவனம்
12.3.1985

மரியே வாழ்க.

அண்ணனுக்கு. உடம்பு சுகம்தான். மனசு சுகமாக இல்லை. நீங்கள் எல்லோரும் நலமா?

இரண்டு வாரமாக நிலையத்துக்குப் பிள்ளைகள் வருவது நின்றுகொண்டே வருகிறது. பத்தொன்பது பேரில் முதலில் நாலு பேர் வரவில்லை. அப்புறம் எட்டு. இன்றைக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். அம்மை வந்திருக்கிறதோ என்று நினைத்தேன். நேற்று பஸ் ஏறிச் சின்னபொண்ணு ஊருக்கே போனேன். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் செடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"இன்னா சின்னபொண்ணு, ஆளக் காணோம்?"

"வேல இருக்குதும்மா."

"கொழந்த எங்க?"

"ஊட்ல கீது."

அவளுக்கு முன்னால் நானே வீட்டுக்குப் போனேன். செங்கேணி தரையில் உட்கார்ந்திருந்தாள். காலில் கட்டு இல்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சின்னபொண்ணே பிய்த்துப் போட்டிருக்கிறாள். முழங்கால் மறுபடி மடங்கத் தொடங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அவளும் கத்தினாள்.

"அந்த வெள்ளக்காரம்மா இன்னாவோ ஒரு சாதியாமே. சின்னப் புள்ளைங்க ரத்தத்த எடுத்து அவங்க பண்டிகைக்கு வச்சிக்குவாங்களாம். கட்டப் போட்டு மூடிட்டா உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"யாரு சொன்னது?"

"உங்க கோயிலு ஆளுங்கதாம்மா சந்தையில சொல்லிக்கினு இருந்தாங்க. விழுப்புரத்துல ஒரு படிச்ச மனுசன் பொஸ்தகத்தப் பாத்துச் சொன்னாராம்."

"யூதர்னா யாருன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்புடிம்மா தெரியும்? ரத்தம்னாங்க. பயந்துட்டேன்."

அண்ணா, அந்த இரத்தக் கதை பச்சைப் பொய். நூற்றுக்கணக்கான வருஷமாக அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லியே அந்த ஜனங்களை வெட்டியும் எரித்தும் இருக்கிறார்கள். மிரியாம் அம்மாவிடம் நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இங்கயும் வந்துட்டுதா?" என்றார். அவ்வளவுதான்.

அவர் யூதர் என்பது இந்த ஊரில் எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். இவர் வாயைத் திறக்கவில்லை என்று மாதா பேரில் சத்தியம் செய்கிறார். நான் எழுதினது உங்கள் ஒருவருக்கு. நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்?

உடனே பதில் வேண்டும்.

அமல்ராணி


திண்டிவனம்
21.3.1985

மரியே வாழ்க.

அண்ணனுக்கு. சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். பத்து நாளாகத் தபால்காரரைத் தெருமுனைவரை போய் எதிர்பார்க்கிறேன்.

பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். இரத்தக் கதை பொய் என்று ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். "பொய்தாம்மா, எனக்கும் தெரியும். ஆனா தவக்காலத்துல எதுக்குக் கலாட்டா? ஈஸ்டர் முடியட்டும்" என்றார். ஈஸ்டர் முடிவதற்குள் எத்தனை முழங்கால் மடங்கிவிடும் என்று கேட்டேன். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

நான் சேர்ந்திருக்கிற மரியாயின் சேனைச் சபைப் பெண்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். "அவகூட சேந்துக்கினு இவளும்" என்று பின்னால் கேட்கிறது.

யாரிடம் சொன்னீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு வரி போதும்.

அமல்ராணி


விழுப்புரம்
27.3.1985

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு. இங்கு யாவரும் சுகம். இரண்டு கடிதமும் கிடைத்தன. வெயில் இப்போதே சுட்டுப் பொசுக்குகிறது. சின்னவளுக்கு வேனல் கட்டி. ஆபீசில் ஒருவர் லீவில் போனதால் இரண்டு பேர் வேலையை நான் பார்க்கிறேன். நாடகத்துக்கு நோட்டீஸ் அடித்தாயிற்று, ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதி இயக்கியவர் என்று என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் வந்தால் முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பேன்.

வதந்திகளைப் பொருட்படுத்தாதே. தானாக அடங்கிவிடும்.

சவரிநாதன்

(கடிதத்தின் மடிப்பில், வேறு கையெழுத்தில்)

அமலா, தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். ஒட்டுவதற்குமுன் எழுதுகிறேன். அவர்தான் கமிட்டியில் சொன்னார். உன் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுதினது தெரிந்தால் தெரியட்டும். – லூர்துமேரி


திண்டிவனம்
1.4.1985

அண்ணனுக்கு.

எல்லோரும் சுகம். உங்கள் நோட்டீசைப் பார்த்தேன். நாங்கள் வரவில்லை.

அண்ணி எழுதியதைப் படித்தேன். அவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் உண்மையைச் சொல்கிற ஒரு ஆளாவது இருக்கிறாரே என்றுதான் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிகிற சமயம் உபதேசியார் அறிவிப்புகளைப் படித்தார். திங்கள் வியாகுலப் பிரசங்கம், வியாழன் பாதம் கழுவுதல், அது இது. அவர் மடித்து வைத்ததும் நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன். முன்கூட்டி யோசித்து வைத்தது ஒன்றும் இல்லை. கையில் ஓலை இருந்தது.

"ஒரு அறிவிப்பு பாக்கி இருக்குது" என்றேன். "யூதருங்க புள்ளைங்க ரத்தம் எடுப்பாங்கன்னு இந்தக் கோவில் வாசல்ல பேசறீங்க. அது பொய். பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கட்டளை இருக்குது. அந்தக் கட்டளையும் யூதருங்க நமக்குக் குடுத்ததுதான். அந்த அம்மா தொட்ட புள்ளைங்க யாரு செத்தாங்க, சொல்லுங்க? உங்க பேச்சால பதிமூணு புள்ளைங்க தரையில தவழ்ந்துக்கினு கெடக்குது."

"உக்காரும்மா, இது கோவில்" என்று சாமியார் மெதுவாகச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர், "யூதச்சிக்கு வக்காலத்தா?" என்றார். நான் உட்காரவில்லை. பாட்டுக்காரர்கள் சத்தமாகப் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு முடிகிறவரை நின்றேன்.

இவர் ஆண்கள் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்ல?" என்றார். "சொல்லியிருந்தா உட்ருப்பீங்களா?" என்றேன். "உட்ருக்க மாட்டேன்" என்றார். மரியாயின் சேனையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாக மாலை ஆள் வந்து சொன்னது.

இத்தனைக்கும் பிறகு இன்று வந்த பிள்ளைகள் நாலு பேர். நான் கத்தியது அந்தக் கூரைக்கு மேலே போகவில்லை.

பெரிய வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அந்தப் பாட்டை நிறுத்த உங்களால் முடியும்.

அமல்ராணி


விழுப்புரம்
9.4.1985

அன்புத் தங்கைக்கு.

நலம் என்று எழுத வேண்டும். எழுதுகிறேன். நலம்.

நான்தான் சொன்னேன். ஜனவரி மாதக் கூட்டத்தில். நாற்காலியில் உட்கார வைத்து எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. அந்தப் பார்வை போய்விடக்கூடாது என்று இருந்தது. பழைய புத்தகத்தில் படித்த இரத்தக் கதையைச் சொன்னேன். யாரோ, "இப்பவும் அப்பிடி இருக்காங்களா?" என்றார்கள். "இருக்காங்களாவா? திண்டிவனத்துலயே ஒருத்தி புள்ளைங்களுக்குக் கட்டுப் போட்டுக்கினு இருக்கா, எந் தங்கச்சிக்குத் தெரியும்" என்றேன். கூட்டம் வாயைப் பிளந்தது. அன்றைக்கு எனக்குக் காபி வாத்தியார் கையாலேயே வந்தது. அவருடைய மைத்துனர் அதைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனார்.

பாட்டைப் பற்றியும் கேள். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாத்தியாரிடம் போய்ப் பாட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "நோட்டீசு அடிச்சாச்சு, பேஜாரு பண்ணாத" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. உன்னைப் போல் எழுந்து நின்றேன் என்று எழுத ஆசை. நிற்கவில்லை.

நாடகம் சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கியது. யூதர் வேஷம் வழக்கம்போல் நம் தெருப் பிள்ளைகள். சாட்டையோடு முன்னால் நின்றது சித்தப்பா மகன் அருளப்பன். பாட்டு ஆரம்பித்ததும் ஜனம் அழுதது. நான் எதிர்பார்த்ததுதான். இரண்டாம் அடிக்கு அழுகை நின்று கூச்சல் வந்தது. "யூதன அடிங்கடா" என்று ஒருவன் கத்தினான். செருப்பு வந்தது. பிறகு, "யூதப் பயலே" என்ற சத்தத்தோடு நம் சாதிப் பெயரும் சேர்ந்து வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள் அமலா. ஏதோ ஒரே வார்த்தை மாதிரி. அப்புறம் கல். அருளப்பன் புருவத்தில் பட்டு, கரி பூசின முகத்தில் இரத்தம் வழிந்தது. அவன் அடிபட்டதுகூடத் தெரியாமல் என்னைத்தான் பார்த்தான். நோட்டுப் புத்தகத்தோடு நான் படுதா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகுதான் படுதாவை இழுத்தேன்.

ஏழு தையல். ஆஸ்பத்திரிக்கு வாத்தியாரும் வந்தார். "பாட்டு அப்பிடி வேல செஞ்சிருக்குதுய்யா" என்று என் தோளில் தட்டினார்.

என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

சவரிநாதன்


திண்டிவனம்
15.4.1985

மரியே வாழ்க.

அண்ணனுக்கு. நாங்கள் சுகம். அருளப்பன் தம்பிக்குத் தையல் பிரித்தாயிற்றா? கண்ணுக்கு ஒன்றும் இல்லையே?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் மேல் இரக்கம் வந்தது, மறுபடி கோபம் வந்தது. இப்போதும் இரண்டும் இருக்கிறது. நம் ஆள் மேல் கல் விழுந்த பிறகுதான் உங்களுக்கு உறைத்தது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. மேலத் தெரு ஆட்கள் அந்த வேஷம் கட்டியிருந்து, ஒருவர் மேலும் கல் படாமல் இருந்திருந்தால்? அப்போதும் அது பொய்ப் பாட்டுத்தானே?

மிரியாம் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். என் கடிதத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்றேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். மாவுத் துணியைச் சுருட்டி முடித்தார். "உன் அண்ணன் படிச்சவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எப்பவும் படிச்சவங்கதான் முதல்ல எழுதுறாங்க, அமலா. கல்லு எடுக்கிறவங்க அப்புறம்தான் வர்றாங்க" என்றார்.

மே மாதம் வரைக்கும் பார்ப்பாராம். பிள்ளைகள் வராவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். இங்கே வாருங்கள். பொய் எந்தெந்த வீட்டுக்குப் போனதோ அந்தந்த வீட்டுக்கு உங்கள் காலால் நடந்து போய், "அதைச் சொன்னவன் நான், அது பொய்" என்று சொல்லுங்கள். கமிட்டியிலும் சொல்லுங்கள். இதைக் கடிதத்தில் செய்ய முடியாது.

அமல்ராணி


விழுப்புரம்
20.5.1985

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு. சனிக்கிழமை உன் வீட்டிலிருந்து கிளம்பி ஊர் வந்து சேர்ந்தேன். இங்கு யாவரும் நலம். மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். வழி முழுக்க ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் கூடவே நடந்தார்.

வருவதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டதற்கு ட்யூட்டி காரணமில்லை. பயம்தான். உன்னோடு நடந்தபோது சொல்ல வாய் வராததை இதில் எழுதுகிறேன்.

பதினொரு வீட்டில் கதவைத் தட்டினோம். ஏழு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சின்னபொண்ணு கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது. "ரத்தம் எடுப்பாங்கன்னு சொன்னவரும் நீங்கதான். இல்லேன்னு சொல்ல வந்தவரும் நீங்கதான். நாளைக்கு வந்து இன்னா சொல்லுவீங்க?" நாற்பது வயதில் அப்படி ஒரு கேள்விக்கு முன்னால் நின்றதில்லை. நீ ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவாய் என்று பார்த்தேன். நீ குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த அம்மாளிடம் சொல்வதற்கு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நல்ல தமிழில் எழுதியிருந்தேன். அவர் கதவைத் திறந்து, "சவரிநாதன்? உக்காருங்க" என்றதும் தாளைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டேன். "நான் பொய் சொன்னேன்" என்று மட்டும்தான் வந்தது. "தெரியும்" என்றார். "மன்னிப்பு வேணாம்னு நான் சொல்லல. ஆனா முதல்ல எனக்குப் பிள்ளைங்க வேணும். எத்தன பேரு வருவாங்க?" நான் ஏழு என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நேற்றைய கமிட்டியில் எழுந்து நின்று சொன்னேன். அந்தக் கதையும் பொய், அந்தப் பாட்டும் தப்பு, இனி நம் கோவிலில் அது பாடக்கூடாது என்றேன். "மொகம் தெரியாத வெள்ளக்காரிக்காக எங்கள எதுத்துப் பேசறியா? உன்ன உக்கார வச்சது எங்க தப்பு" என்றார் வாத்தியார். அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பாட்டு இருக்குமாம், எழுதினவன்தான் இருக்கக்கூடாதாம். அருளப்பன் மட்டும் என்னோடு எழுந்து வெளியே வந்தான். இனி நம் தெருவிலிருந்து யாரும் அந்த வேஷம் கட்டப்போவதில்லை என்று அவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சரி என்றவர்கள் கொஞ்சம் பேர்தான். இத்தனை வருஷத்துப் பழக்கத்தை எதற்கு விட வேண்டும் என்கிறவர்கள் நிறைய.

உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

சவரிநாதன்


திண்டிவனம்
30.6.1985

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே நாங்கள் இருவரும் நலம். அண்ணிக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் கேட்கிறதா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்குமே.

நிலையத்தை மூடவில்லை. இப்போது பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மீதிப் பேரில் இரண்டு குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. மற்றவர்கள் வருவார்களா என்று தெரியாது. பங்குச் சாமியார் ஈஸ்டர் முடிந்து பன்னிரண்டு ஞாயிறு ஆகியும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவர் அறை வாசலில் போய் நின்று கேட்கிறேன். என்னைக் கண்டால் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுகிறார். அடுத்த ஞாயிறு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றிருக்கிறேன்.

நேற்று சின்னபொண்ணு வந்தாள். நாம் போய்க் கூப்பிட்டு ஆறு வாரம் கழித்து. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் வாசற்படியிலேயே நின்றாள். மிரியாம் அம்மாவை நேராகப் பார்த்து, "நீங்க யூதரு சாதியாமே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார் மிரியாம் அம்மா.

"எம் பொண்ணு காலு நிமிருமா?"

"தெரியல. முன்னாடி சுலபம். இப்ப கஷ்டம். பாக்கலாம்."

சின்னபொண்ணு உள்ளே வந்து குழந்தையைப் பலகை மேல் படுக்க வைத்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. மிரியாம் அம்மாவும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. முழங்காலை அளந்து நோட்டில் எழுதினார். நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். போன வருஷம் ஜூலையில் முதல் நாள் எழுதிய அதே எண். எட்டு மாதம் அந்தக் குழந்தை அழுது அழுது நிமிர்த்தினது அத்தனையும் போய்விட்டது.

மறுபடி முதல் கட்டுப் போட்டோம். செங்கேணி வீறிட்டுக் கத்தினாள். நான் இடுப்பைப் பிடித்தேன், சின்னபொண்ணு தோளைப் பிடித்தாள். இன்னும் ஒரு ஆள் இருந்தால் பாதத்தைப் பிடித்திருக்கலாம். கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. வரும் சனிக்கிழமை பிரித்து மறுபடி போட வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
அமல்ராணி